பழுப்பேறிய பெட்டியும் புது போர்டும்

அந்தப் பழைய கணினிப் பெட்டியை இத்தனை வருடம் ஏன் தூக்கிப்போடவில்லை என்று யாராவது கேட்டால், அக்கா ஒட்டிய ஸ்டிக்கர் அதில் இருக்கிறது, அதனால்தான் என்பேன். கேட்டவர்களும் நெகிழ்ந்துபோய் விட்டுவிடுவார்கள். உண்மையில் சோம்பல். பதினோரு கிலோ இரும்பைப் பரணிலிருந்து யார் இறக்குவது?

போன மாதம் அந்தச் சோம்பலுக்கு ஒரு முடிவு வந்தது. புது மதர்போர்டு, ப்ராசசர், ராம் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டுவதற்காக என் மேஜைக் கணினியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். டைல்ஸ் தரையில் ஓரம் படும்படி சுவரில் சாய்த்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அறை முழுக்கச் சில்லு. டெம்பர்டு கண்ணாடியின் நடுவில் ஓங்கித் தட்டினாலும் தாங்கிவிடும். ஓரத்தில் டைல்ஸின் கடினமான ஒரு புள்ளி பட்டால் போதும், உள்ளே அமுங்கிக் கிடக்கும் விசை மொத்தமும் ஒரே நொடியில் அவிழ்ந்துகொள்ளும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

பெருக்கி அள்ளிவிட்டு அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"அந்தப் பழைய டப்பா என்னடா ஆச்சு?"

"பரண்ல இருக்கு."

"அப்போ அதையே எடுத்துப் போடேன். அதுலதான் கண்ணாடியே கிடையாதே."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் போனை வைத்த பத்தாவது நிமிடம் நான் ஏணியில் நின்றேன்.

1999இல் அக்காவின் படிப்புக்காக வந்த கணினி அது. பென்டியம் 3, 500 மெகாஹெர்ட்ஸ். 64 எம்பி ராம், 40எக்ஸ் சிடி டிரைவ், ஃப்ளாப்பி டிரைவ், விண்டோஸ் 98. போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் எப்போதோ செத்துப் போயின. மிச்சம் கேபினெட்டும், உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்சும், அந்த இரண்டு டிரைவ்களும்தான். வந்த புதிதில் வெண்ணிறத்தில் லேசாகச் சாம்பல் கலந்தாற்போல இருந்தது. இப்போது முகப்பு மட்டும் பழைய நாளிதழின் நிறத்தில் இருக்கிறது. பெயின்ட் அடித்த இரும்பு மூடி அப்படியே வெளுப்பாக இருப்பதால், யாரோ இரண்டு வேறு பெட்டிகளை ஒட்டவைத்தது போலத் தெரிகிறது.

மூடியைக் கழற்றுவதற்கே ஒரு முறை உண்டு. இப்போதைய கேபினெட் மாதிரி ஒரு பக்கக் கதவை மட்டும் திறக்க முடியாது. மேல்பக்கமும் இரு பக்கவாட்டும் சேர்ந்து ஒரே தகடாக வளைத்த மூடி. பின்னால் நான்கு திருகு. அவற்றை எடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பின்பக்கமாக ஒரு இழு இழுத்தால் க்ரீச்சென்று வரும். இழுத்தேன், வந்தது. மூடியின் உட்பக்கத்தைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்க்கரில் நான் எழுதி வைத்த கணக்கு. எப்போது திறந்தேன், என்ன செய்தேன் என்று பள்ளிக்கூடக் கையெழுத்தில் வரிசையாக. "12-3-2000 ராம் 64 + 64." "ஹார்ட் டிஸ்க் 20 ஜிபி, பழையதும் வேலை செய்கிறது." அதற்குக் கீழே அக்காவின் சாய்வெழுத்தில்: "இவன் கை வைத்த பிறகு சவுண்டு வரவில்லை." அதற்கும் கீழே என் பதில்: "ஸ்பீக்கர் பின்னை நீதான் பிடுங்கினாய்." தேதி கிடையாது. சண்டைக்குத் தேதி போடும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பெட்டியில் இன்றைய போர்டு எப்படி உட்காரும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். உட்காரும், அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயமே. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. போர்டு 305க்கு 244 மிமீ, திருகுத் துளைகள் இன்னின்ன இடத்தில், பின்பக்கம் கேபிள் சொருகும் வாசல் 158.75க்கு 44.45 மிமீ என்று எல்லாவற்றுக்கும் அளவு குறித்தார்கள். 1997இல் அதிலிருந்தே கீழ்ப்பகுதியைக் குறைத்து, 244க்கு 244 மிமீ சதுரமாக மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தது. நான் வாங்கியதும் அந்தச் சதுரம்தான். அதற்குப் பிறகு ப்ராசசர் உட்காரும் விதம் மாறியது, ராம் ஐந்து தலைமுறை மாறியது, கிராஃபிக்ஸ் கார்டு சொருகும் ஏஜிபி ஸ்லாட் வந்து போனது, ஹார்ட் டிஸ்க்கை இணைத்த ஐடிஇ ரிப்பன் கேபிள் ஒழிந்தது. துளைகள் மட்டும் நகரவில்லை. புது போர்டோடு வந்த பின்பக்கத் தகட்டை அந்த வாசலில் வைத்து நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தினேன். டக், டக், டக். நாலாவது மூலை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்து, ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

(அந்தத் தகட்டில் சின்னச் சின்ன உலோக நாக்குகள் இருக்கும். போர்டை இறக்கும்போது அதில் ஒன்று யுஎஸ்பி துளைக்குள் மடங்கி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இந்த முறை நெட்வொர்க் கேபிள் சொருகும் லேன் துளைக்குள் போனது. எல்லாத் திருகையும் முடுக்கிய பிறகுதான் கண்ணில் படும். எப்போதும் அப்படித்தான்.)

பெட்டி இன்னும் நாலைந்து வருடம் பழையதாக இருந்திருந்தால் கதை வேறு. ஏடிஎக்ஸுக்கு முந்தைய ஏடி கேபினெட்டுகளில் பின்வாசலே கிடையாது, கீபோர்டுக்கு ஒரு வட்டத் துளை மட்டும். முன்னால் இருக்கும் பவர் ஸ்விட்ச் நேராக மெயின் கரன்ட்டையே வெட்டும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் தடித்த கேபிளில் நம் விரல் வரைக்கும் வரும். ஆனால் அவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பட்டனும் மெகாஹெர்ட்ஸ் காட்டும் எண் விளக்கும் இருந்தன. அந்த விளக்கு எதையும் அளந்து காட்டியதில்லை. பின்னால் ஜம்பர்களை (பின்களை இணைக்கும் சின்னத் தொப்பிகள்) மாற்றி நாம் வைத்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு பெட்டி கிடைத்திருந்தால் அதில் என்ன எண் வைத்திருப்பேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லாத பெட்டிக்கு.

போர்டு நிற்கும் பித்தளைக் கால்களில் ஒரு சிக்கல். மேல் வரிசையும் நடு வரிசையும் அச்சாகப் பொருந்தின. மைக்ரோ ஏடிஎக்ஸின் கீழ் வரிசைக்கு மட்டும், போர்டைத் தாங்கும் இந்த இரும்புத் தட்டில் துளையே போடவில்லை. அப்படியே விட்டால் கிராஃபிக்ஸ் கார்டை அழுத்திச் சொருகும்போது போர்டின் கீழ் விளிம்பு வளையும். பிளாஸ்டிக் தாங்கிகள் இரண்டை, போர்டின் துளையில் சொருகித் தட்டின் மேல் சும்மா நிற்கும்படி வைத்தேன். பழைய போர்டுக்காக நின்ற தேவையில்லாத கால்களை எல்லாம் கழற்றினேன். போர்டின் அடியில் எங்காவது ஒரு கால் தவறாக முட்டினால் ஷார்ட்தான்.

திருகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினித் திருகில் பெரும்பாலும் இரண்டு சாதி. ஒன்று அங்குலக் கணக்கில் வரும் தடித்த மரை. ஹார்ட் டிஸ்க், மூடி, எஸ்எம்பிஎஸ் எல்லாம் அது. இன்னொன்று 3 மிமீ, நெருக்கமான மரை. சிடி டிரைவ், ஃப்ளாப்பி, 2.5 அங்குல எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) எல்லாம் அது. பித்தளைக் கால்களில் இரண்டு விதமும் உண்டு. என் பழைய திருகு டப்பாவில் இரண்டும் கலந்து கிடந்தன. முதல் இரண்டு சுற்று விரலாலேயே போக வேண்டும். விரலால் போகாத திருகை ஸ்க்ரூடிரைவரால் மிரட்டக் கூடாது.

ப்ராசசர் ரைசன் 7 7700. கிராஃபிக்ஸ் கார்டு, கண்ணாடி உடைந்த அந்த மேஜைக் கணினியிலிருந்து எடுத்த ஆர்டிஎக்ஸ் 4060, இரண்டு விசிறி வைத்த குட்டை ரகம். கார்டு உள்ளே போகுமா என்று பார்க்க, அதே அளவில் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஸ்லாட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். டிரைவ் கூண்டுக்கு முன்னால் நாலு விரற்கடை மிச்சம். ப்ராசசரின் மேல் நிற்கும் கூலருக்கு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளக்க, ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்தி மூடியை நகர்த்திப் பார்த்தேன். 138 மிமீ. இப்போதைய பெரிய கோபுரக் கூலர்கள் 155 மிமீக்கு மேல், அதனால் அவை கிடையாது. 92 மிமீ விசிறி வைத்த, 125 மிமீ உயரக் கூலர் ஒன்று போட்டேன்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு கணமும் யோசிக்காமல் ஓரம் கட்டினேன். 250 வாட் என்று போட்டிருந்தது. அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும்தான் பலத்தைக் காட்டும். இன்றைய போர்டுக்கும் கார்டுக்கும் கிட்டத்தட்ட எல்லாமே 12 வோல்ட்டில் வேண்டும். போதாததற்கு உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டேன். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது தெரியாதவர்கள் செய்யும் வேலை இல்லை, எனக்குத் தெரியாது. புதிதாக 550 வாட்டில், வேண்டிய கேபிளை மட்டும் சொருகிக்கொள்ளும் ரகம் ஒன்றைப் போட்டேன். பின்பக்கத் திருகுத் துளைகள் நான்கும் அப்படியே பொருந்தின.

முன்பக்கக் கம்பிகளில் பவர் ஸ்விட்ச் பிரச்சினையே இல்லை. ஏடிஎக்ஸ் பவர் ஸ்விட்ச் இரண்டு பின்களை ஒரு கணம் தொடவைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது. தகராறு செய்தது பவர் விளக்கின் கம்பி. பழைய பெட்டிகளில் அந்த விளக்குக்கு மூன்று துளை உள்ள பிளக் இருக்கும். இரண்டு ஓரத்திலும் கம்பி, நடுத் துளை காலி. இன்றைய போர்டில் இரண்டே பின், பக்கம் பக்கமாக. சொருகவே முடியாது. வெட்டிச் சால்டர் வைக்கலாம்தான், அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்தக் கறுப்புப் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு தெரியும். தையல் ஊசியின் நுனியை அதற்கடியில் விட்டு ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்து, பின்னாலிருந்து கம்பியை இழுத்தால் உள்ளே இருக்கும் உலோகத் துணுக்கு முழுசாக வெளியே வரும். அதை நடுத் துளையில் விட்டுத் தள்ளினால் டிக் என்று பூட்டிக்கொள்ளும். பச்சைக் கம்பி மட்டும் இடம் மாறியது, மொத்தம் நாற்பது நொடி. அதிகமாகத் தூக்கினால் நாக்கு உடையும். உடைத்த அனுபவமும் உண்டு, வேறொரு பெட்டியில்.

எல்லாவற்றையும் மாட்டி, மூடாமலே ஸ்விட்சை அமுக்கினேன். விசிறிகள் சுற்றின. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றுமில்லை.

போர்டில் ராமுக்கு நேராக ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் பார்த்தேன், அணைத்தேன். ராமைக் கழற்றி மாட்டினேன். மறுபடி அதே இருட்டு. அணைத்தேன். அடியில் பித்தளைக் கால் ஏதாவது முட்டுகிறதா என்று போர்டையே வெளியே எடுத்துப் பார்த்தேன். முட்டவில்லை. திரும்ப மாட்டி ஒரே ஒரு ராமோடு முயன்றேன். இருட்டு. கழுத்தில் வியர்வை. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன்.

"ஓடுதாடா?"

"எங்க ஓடுது, போர்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பித்து, எதையெல்லாம் கழற்றினேன் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவளும் பொறுமையாகக் கேட்டாள். நாலைந்து நிமிடம் போயிருக்கும். பெட்டிக்குள்ளிருந்து "பீப்" என்று ஒரு சத்தம். பெட்டியின் அடியில் திருகி வைத்திருந்த அந்தப் பழைய ஸ்பீக்கரை, போர்டில் அதற்கான பின் இருக்கிறதே என்று சும்மா சொருகி வைத்திருந்தேன்.

மறுமுனையில் அக்கா பேச்சை நிறுத்தினாள். "டேய், அந்தச் சத்தம்!"

திரையில் பயாஸ், அதாவது போர்டின் தொடக்க அமைப்புப் பக்கம், வந்திருந்தது.

விஷயம் இதுதான். டிடிஆர்5 என்ற இப்போதைய ரக ராம் போட்ட போர்டை முதல்முறை எழுப்பும்போது, போர்டும் ராமும் ஒன்றுக்கொன்று நேரத்தைச் சரிபார்த்துப் பழகிக்கொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். ஒருமுறை முடிந்தால் அந்த முடிவைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை சீக்கிரம் எழும். நான் ஒவ்வொரு தடவையும் அது பாதிப் பாடத்தில் இருக்கும்போது பாயைச் சுருட்டியிருக்கிறேன். யாராவது முதல்முறை மாட்டுவதாக இருந்தால், ஸ்விட்சைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அக்கா தம்பி யாரிடமாவது பேசுங்கள்.

அடுத்த நாள் விண்டோஸ் எல்லாம் ஏற்றி, மூடியைப் போட்டு, கனமான ஒரு விளையாட்டை ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் கிராஃபிக்ஸ் கார்டு 84 டிகிரி, ப்ராசசர் 91. இந்த ரகப் ப்ராசசர் 95 வரைக்கும் போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் அதைக்கூட விட்டுவிடலாம். சத்தத்தை விட முடியவில்லை. பெட்டிக்குள் யாரோ ஹேர் டிரையரில் தலை காயவைப்பது போல இருந்தது. மூடியைக் கழற்றி அதே விளையாட்டை ஓட்டினேன். கார்டு 68, ப்ராசசர் 78. ஆக, பொருள்களில் குறையில்லை. பெட்டிக்கு மூச்சு வாங்கவில்லை.

யோசித்தால் பெட்டியின் மேல் தப்பே இல்லை. அந்த 500 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 முழுவேகத்தில் சுமார் 28 வாட் வெப்பம் விடும். அன்றைய கிராஃபிக்ஸ் கார்டு ஏஜிபி ஸ்லாட்டில் கிடைக்கும் மின்சாரத்திலேயே குடும்பம் நடத்தியது. எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி ஒன்றே மொத்தப் பெட்டியின் புகைபோக்கி. இப்போது நான் வைத்திருக்கும் ப்ராசசருக்கு மட்டும் 88 வாட் வரை அனுமதி, கார்டுக்கு 115. இருநூறு வாட்டை அடைத்துவைத்துவிட்டு ஜன்னல் எங்கே என்று பெட்டியைக் கேட்டால் அது என்ன செய்யும்?

காற்று உள்ளே வரும் வழி எது என்று தேடினேன். முகப்பின் கீழ்ப்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து அதன் முன் பிடித்தேன், அசையவே இல்லை. முகப்பைக் கழற்றினால் காரணம் தெரிந்தது. பின்னால் இரும்புத் தகடு, அதில் 80 மிமீ விசிறிக்கென்று ஒரு வட்டம், வட்டத்துக்குள் நெல்மணி அளவில் சில துளைகள். வலைகூட இல்லை, வெறும் சம்பிரதாயம்.

ஆகவே எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுத்தேன். ஆமாம், எல்லாவற்றையும். இரும்பு வெட்டும் வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தாலும், வெட்டாமலே ஓடிவிடும் என்று மனசு சொன்னதைக் கேட்டேன்.

முதலில் கீழ் டிரைவ் கூண்டு. அதைத் திருகு போட்டு மாட்டவில்லை, ரிவெட் அடித்திருந்தார்கள். ரிவெட்டின் தலையில் நடுவே இருக்கும் குழியிலேயே 3.2 மிமீ ட்ரில் பிட்டை வைத்து மெல்ல ஓட்டினால் தலை கழன்று பிட்டிலேயே மோதிரம் மாதிரி சுற்றும். எட்டு ரிவெட். ஏழு மரியாதையாக வந்தன. எட்டாவது தானும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்ததால், பின்னாலிருந்து இடுக்கியால் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. கூண்டு போனதும் முன் தகட்டில் 120 மிமீ விசிறியையே வைத்துக் கோடு போட்டு, திருகுத் துளைகளை 105 மிமீ இடைவெளியில் குறித்து, நடு வட்டத்தை ஜிக்சாவில் உலோக பிளேடு போட்டு அறுத்தேன். தகடு கிட்டத்தட்ட ஒரு மிமீ கனம். இன்றைய பல கேபினெட்டுகளைவிடத் தடிமன், அதனால் அதிராமல் நின்று வெட்டுப்பட்டது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தாங்கும் மேல் தட்டையும் அதே சூட்டோடு வெட்டினேன். புது எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி கீழ்நோக்கி இருக்கிறது, தட்டு பாதி வாயை மூடிக்கொண்டிருந்தது.

வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்க்காமல் விடாதீர்கள். விட்டால் ரத்தம் வரும். எனக்கு, தேய்க்கும்போதே வந்தது. பழைய பெட்டியில் வேலை செய்தால் ஒரு சொட்டாவது காணிக்கை கொடுக்க வேண்டும் என்று கணினி மாட்டுகிறவர்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கைத் தீர்த்தாயிற்று.

இரும்புத் தூளை எடுக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பெட்டி முழுக்க ஒத்தி எடுப்பது. தூளெல்லாம் பையின் வெளிப்பக்கம் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பையை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்துவிட்டால் தூள் பைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆனால் ரிவெட்டின் உடல் அலுமினியம், காந்தத்துக்கு மசியாது. ஈரத் துணியால் மூன்று முறை துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, நாலாவது முறையும் துடைத்தேன். ஒரு துணுக்கு போர்டின் மேல் விழுந்தால் அப்புறம் அழுது பயனில்லை.

உள்ளே விசிறிக்கு வழி கிடைத்துவிட்டது, முகப்பு இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் 1999ஆகவே இருக்க வேண்டும் என்பதுதானே எல்லாக் கூத்துக்கும் காரணம். கடைசியில் முகப்பை உடலோடு ஒட்டாமல் 6 மிமீ தள்ளி, சின்னக் குழாய்த் துண்டுகளின் மேல் நிற்க வைத்தேன். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. 42 செ.மீ உயரம், இரண்டு பக்கம், 6 மிமீ அகலம் என்று கணக்குப் போட்டால் சுமார் 50 சதுர செ.மீ காற்று வழி. விசிறியின் வாய் அதைப்போல இரண்டு மடங்கு, ஆகவே இது போதாதுதான். கீழ்ப் பிளவும் சேர்ந்து சமாளித்துக்கொள்கிறது.

நான் எதிர்பார்க்காதது, முகப்பு 6 மிமீ முன்னால் வந்ததும் பவர் பட்டனுக்குக் கை நீளம் போதாமல் போனது. ஸ்விட்ச் இரும்பில் இருக்கிறது, பட்டன் பிளாஸ்டிக் முகப்பில் இருக்கிறது. அமுக்கினால் சொகுசாக உள்ளே போகிறது, எதையும் தொடுவதில்லை. ஒரு அழிரப்பரில் 6 மிமீ துண்டு நறுக்கி ஸ்விட்ச்சின் தலையில் ஒட்டினேன். முன்பு கிளிக் என்று கேட்கும். இப்போது அமுக்கம் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. இதுவும் பிடித்துப்போயிற்று.

மூடியோடு மறுபடியும் அதே விளையாட்டு, அதே இருபது நிமிடம். கார்டு 73, ப்ராசசர் 80. கார்டின் மின்சார வரம்பை 90 சதவீதமாக இறக்கியதும் இன்னும் இரண்டு டிகிரி குறைந்தது, ஆட்டத்தில் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. டிஷ்யூ காகிதம் பிளவில் போய் ஒட்டிக்கொண்டது.

இனி விளையாட்டுப் பொருள்கள். சிடி டிரைவின் குடலை உருவிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருக்கிறேன். 40எக்ஸ் என்றால் விநாடிக்கு 6 எம்பி. விரல் நீளமே இருக்கும் எம்.2 எஸ்எஸ்டி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி தருவது, அந்த முகத்துக்குப் பின்னால் எங்கோ போர்டோடு போர்டாகப் படுத்திருக்கிறது. டிரைவ் இருந்த இடத்தில் இப்போது மிச்சக் கேபிள்களைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். பழைய பெட்டிகளில் தட்டுக்குப் பின்னால் கேபிள் ஒளிக்க இடம் கிடையாது, இந்த டிரைவ் அறைகள்தான் அலமாரி.

ஃப்ளாப்பி டிரைவின் வாய்க்கு நேர் பின்னால் ஒரு கார்டு ரீடரை ஒட்டினேன். மெமரி கார்டு 24 மிமீ அகலம், ஃப்ளாப்பியின் வாய் அதற்குத் தாராளம். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு கார்டு உள்ளே போவதைப் பார்க்க அத்தனை சுகம். 64 ஜிபி கார்டு ஒன்றில் 1.44 எம்பி ஃப்ளாப்பி நாற்பத்து மூவாயிரத்துக்கும் மேல் அடங்கும். முதல் நாளே ஒரு கார்டைக் குறி தவறித் தள்ளி, அது ரீடரின் பக்கவாட்டில் நழுவிப் பெட்டிக்குள் விழுந்து கிராஃபிக்ஸ் கார்டின் மேல் படுத்துக்கொண்டது. இப்போது இரண்டு பக்கமும் அட்டைத் துண்டு வைத்து வழிகாட்டியிருக்கிறேன்.

சிவப்பு ஹார்ட் டிஸ்க் விளக்குதான் ஏமாற்றம். என் போர்டில் எம்.2 எஸ்எஸ்டி எவ்வளவு ஓடினாலும் அந்த விளக்கு கண் சிமிட்டுவதில்லை, சேட்டா என்ற பழைய ரகக் கேபிளில் இருப்பவற்றுக்குத்தான் சிமிட்டுகிறது. கையிலிருந்த பழைய சேட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, பிரவுசரின் தற்காலிகக் கோப்புகளை அதில் போகும்படி மாற்றிவிட்டேன். வேகம் குறையும் என்று தெரியும். விளக்கு மினுக்குகிறது.

பழுப்பை வெளுக்கவில்லையா என்று அந்த நண்பர் மறுபடியும் கேட்டார். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெளுக்கும், நிறையப் பேர் செய்கிறார்கள். சில வருடத்தில் சிலருக்குத் திரும்பப் பழுப்பேறியும் இருக்கிறது. சரியாகப் பூசாவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும். அதைவிட, அக்காவின் ஸ்டிக்கரை எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தால் அதன் அடியில் மட்டும் 1999இன் வெள்ளை, சதுரமாக இருக்கும். அதைப் பார்க்கும் ஆசை எனக்கும் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். இருக்கட்டும்.

மூடியை மூடுவதற்கு முன் மார்க்கரை எடுத்து, அந்தச் சண்டைக்குக் கீழே தேதி போட்டு எழுதினேன்: "போர்டு, சிபியு, ராம் 32 ஜிபி, எஸ்எம்பிஎஸ். முன் விசிறி 120." படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "சவுண்டு வருதா?" என்று பதில் வந்தது.

வருகிறது. பாக்கி இரண்டே வேலை. முன் விசிறிக்குத் தூசி வலை வைக்க வேண்டும், ரீசெட் பட்டனின் கம்பியை என்ன செய்வதென்று முடிவு செய்ய வேண்டும். மூடியின் நாலாவது திருகு எங்கே உருண்டது என்று இன்னும் தெரியவில்லை. இப்போதைக்கு மூன்றில் நிற்கிறது.